அக்கா ரிப்போர்ட்டில் "பொருள் தெரியாத மாற்றம்" என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் அம்மாவுக்கு 2015-ல் ஓவரியில் கேன்சர் வந்தது. அடுத்த வருடமே போய்விட்டார். இப்போது அக்காவுக்கு மார்பகத்தில். வயது 44. ஆபரேஷன் முடிந்து, நான்காவது கீமோ போன வாரம் ஏற்றினார்கள். அம்மாவின் கதையைக் கேட்டதும் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு சிறு குழாய் ரத்தம், நான்கு வாரக் காத்திருப்பு, கடைசியில் 14 பக்க ரிப்போர்ட்.

அதில் எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பக்கத்தில் வி.யூ.எஸ். என்று போட்டிருக்கிறது. பொருள் தெரியாத மாற்றம் என்று அர்த்தமாம். பரிசோதனைக் கூடத்துக்கு போன் செய்தோம். எடுத்தவர் "பாசிட்டிவ் மாதிரிதான் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று முதல் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. சித்தி, "ரெண்டு பேருமே ஓவரியை எடுத்துடுங்கடி, உங்கம்மா பட்ட பாடு போதும்" என்கிறார். எனக்கு 38 வயது. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

இரண்டு கேள்விகள். பொருளே தெரியாத ஒன்றை எதற்கு ரிப்போர்ட்டில் போடுகிறார்கள்? அப்புறம், ரத்தம் எடுத்தபோது கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. பெயரை நீக்கிவிட்டு இந்தத் தரவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று. அக்கா டிக் செய்யாமல் விட்டுவிட்டார். இப்போது திரும்பக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வரிசைவாசகன்

தாமிரபரணி, போனில் பேசியவர் சொன்னது தவறு. வி.யூ.எஸ். பாசிட்டிவ் இல்லை. இதை அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் பெங்களூரில் 11 வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். உயிர்தகவலியல் என்பார்கள். ரத்தத்தை நாங்கள் தொடுவதே இல்லை, அதிலிருந்து வரும் எழுத்துகளை மட்டும் பார்ப்போம். அக்காவின் டிஎன்ஏ 150 எழுத்து அளவுள்ள சிறு துண்டுகளாக, லட்சக்கணக்கில் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அவற்றை ஒரு மாதிரித் தொகுதியோடு பொருத்தி, எங்கெல்லாம் எழுத்து வேறுபடுகிறது என்று பட்டியல் எடுப்போம். மனித மரபணுத் தொகுதி மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. முழுதாகப் படித்தால், நோய் நொடி இல்லாத ஆளாக இருந்தாலும் 40, 50 லட்சம் இடங்களில் வேறுபாடு இருக்கும். அதனால் மாற்றம் இருப்பது ஒரு செய்தியே இல்லை. அது என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

சில மாற்றங்களில், அந்த மரபணுவைப் பார்த்து உடம்பு செய்யும் புரதம் பாதியிலேயே அறுந்துபோகும். பிஆர்சிஏ போன்ற மரபணுவில் அப்படி நடந்தால் பெரும்பாலும் சந்தேகமில்லாமல் கெடுதல். உங்கள் அக்காவுக்கு வந்தது போல ஓர் எழுத்து மாறி, புரதக் கோர்வையின் ஒரு மணி, அதாவது ஒரே ஒரு அமினோ அமிலம் வேறாகும்போதுதான் தடுமாறுகிறோம்.

உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏன் சுவடி தேடினார்? கையில் ஒரே ஒரு சுவடி இருந்தால், ஒரு சொல் வித்தியாசமாகத் தெரியும்போது அது எழுதியவரின் பிழையா, பாடபேதமா என்று முடிவு கட்ட முடியாது. பத்து ஊர்ச் சுவடிகளை விரித்துவைத்தால் தெரிந்துவிடும். எங்கள் வேலையும் அதேதான். அந்த எழுத்து மாற்றம் ஆரோக்கியமான பலரிடம் இருந்தால் பயமில்லை. கேன்சர் வந்த குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்பட வேண்டும். எங்கேயும் இல்லை என்றால் கையை விரிக்க வேண்டியதுதான். 2015-ல் அமெரிக்க மரபியல் மருத்துவக் கல்லூரி வகுத்த முறைப்படி ஐந்து அடுக்கு உண்டு: தீங்கற்றது, அநேகமாகத் தீங்கற்றது, தெரியாது, அநேகமாகத் தீங்கு, தீங்கு. நடு அடுக்குதான் வி.யூ.எஸ்.

இனி எனக்கு ஆற்றாமையான விஷயம். ஒப்பிட நாங்கள் முதலில் திறப்பது நோமேட் என்ற தரவுத்தளம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல் அதில் இருக்கிறது. தெற்காசியர் சுமார் 45,000 பேர். உலகில் நாலில் ஒருவர் தெற்காசியர், அந்தத் தரவில் நூறுக்கு ஆறு பேர்கூட இல்லை. ஐரோப்பியக் குடும்பத்துப் பெண் இதே பரிசோதனை செய்தால் தெளிவான பதில் வரும் வாய்ப்பு அதிகம். நம்மவர்களுக்கு "தெரியாது" என்ற பதில் கூடுதலாக வருகிறது. உங்கள் அக்கா உடம்பில் கோளாறு கூடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டியில் நம் சுவடிகள் குறைவு, அவ்வளவுதான்.

தெரியாததை ஏன் போடுகிறார்கள் என்றால், இன்று தெரியாதது இரண்டு வருடம் கழித்துத் தெரியலாம். அப்போது திரும்பிப் பார்க்க அது பதிவில் இருக்க வேண்டும்.

கொன்றை

நான் மரபியல் ஆலோசகர், கோவையில் இருக்கிறேன். வரிசைவாசகன் சார் சொன்னதோடு சிகிச்சைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, வி.யூ.எஸ்.ஸை மட்டும் வைத்து யாரும் ஓவரியை எடுக்கக் கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்லை, வழிகாட்டு நெறிகளே அப்படித்தான் சொல்கின்றன. மறுவகைப்படுத்தப்படும் வி.யூ.எஸ்.களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கம்தான் போகின்றன. உறுப்பை எடுத்த பிறகு "அது ஒன்றுமில்லை" என்று கடிதம் வந்தால் அதைத் திருப்பி வைக்க முடியாது. உண்மையிலேயே கெடுதலான பிஆர்சிஏ-2 மாற்றம் இருந்தால் கதை வேறு. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 விழுக்காடு, ஓவரியில் 17 விழுக்காடு என்று 2017-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் நானே அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசச் சொல்வேன்.

அதே நேரம், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று சும்மாவும் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு ஓவரி, அக்காவுக்கு 44-ல் மார்பகம். இந்தக் குடும்ப வரலாறே தனியாக ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு எந்த வயதில் எந்தப் பரிசோதனை, மேமோகிராமா எம்ஆர்ஐயா என்று புற்றுநோய் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்பா இருக்கிறாரா? இருந்தால் அவர் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றம் அம்மா வழியா அப்பா வழியா என்று தெரிவதே பாதித் துப்பு. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் பிளாக் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மெழுகில் பதித்த திசுத் துண்டு, சிலர் பல வருடம் வைத்திருப்பார்கள். பழைய பிளாக்கில் திசுவைப் பதப்படுத்தப் போட்ட ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்திருக்கும், இல்லாத மாற்றத்தை இருப்பதாகவும் காட்டும். ஆனாலும் எந்த இடத்தைத் தேடுகிறோம் என்று தெரிந்திருப்பதால் முயன்று பார்க்கலாம். கட்டி இல்லாத பக்கத்துத் திசுவும் அதில் இருந்தால் நல்லது.

உப்பளம்

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: யோசிக்காமல் டிக் செய்யாதீர்கள்.

ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் 1951-ல் கேன்சரில் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. 2013-ல் அந்தச் செல்லின் முழு மரபணு வரிசையையும் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இணையத்தில் போட்டார்கள். அப்போதும் குடும்பத்தைக் கேட்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளின் உடம்பில் ஓடுவதும் அதில் கால் பங்குதானே?

மிரியட் என்ற நிறுவனம் பிஆர்சிஏ மரபணுக்களுக்கே காப்புரிமை வாங்கி, வேறு யாரும் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது என்று வைத்திருந்தது. ரத்தம் கொடுத்தவர்கள் நோயாளிகளின் குடும்பங்கள், லாபம் யாருக்கு?

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, அதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளை "இன்ன சாதிக்காரர்களுக்கு இந்தக் கெட்ட மரபணு" என்று ஒரு செய்தி வந்தால்? பெண் பார்க்கப் போகும் வீட்டில் அதையும் கேட்பார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. மரபணுவே ஒரு பெயர்தான். அது ஒருவருடையது மட்டும் இல்லை, அண்ணன் தம்பி பிள்ளைகளுடையதும்கூட.

வெள்ளைமயில்

உப்பளம் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. முதல் கட்டச் சிகிச்சைகளை நன்றாகத் தாங்கினாள். அப்புறம் மெயின்டனன்ஸ், நோய் திரும்பாமல் இருக்கத் தொடரும் சிகிச்சை. வீட்டிலேயே தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட். மூன்றாவது வாரம் வெள்ளை அணு 600-க்கு இறங்கிவிட்டது. காய்ச்சல், வாயெல்லாம் புண், பத்து நாள் ஐசியூ. மாத்திரையைத் தவறாகக் கொடுத்துவிட்டோமோ என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட நாட்கள் அவை.

டிபிஎம்டி என்ற மரபணுவைப் பரிசோதித்தார்கள். நார்மல். அங்கேயே நின்றிருந்தால் என் மகள் இன்று இருந்திருப்பாளா தெரியாது. புதிதாக வந்த இளம் டாக்டரம்மா ஒருவர் என்யுடிடி-15 என்ற இன்னொன்றைப் பார்க்கச் சொன்னார். அதில் மாற்றம் இருந்தது. அந்த மாத்திரையை அவள் உடம்பால் அகற்ற முடியவில்லை. அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அணுக்கள் ஏறின. இப்போது அவளுக்கு 11 வயது, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னது இது: டிபிஎம்டி மாற்றம் ஐரோப்பியரிடம் அதிகம், அதனால் அது முதலிலேயே கண்ணில் பட்டது. என்யுடிடி-15 மாற்றம் ஆசியரிடம்தான் அதிகம், இந்தியரிடமும் உண்டு. அது 2014-ல் கொரிய நோயாளிகளின் தரவிலிருந்துதான் தெரிய வந்தது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். என் மகள் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

வரிசைவாசகன்

வெள்ளைமயில், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

உப்பளம், உங்கள் உதாரணங்கள் எல்லாம் சரி. கதையின் மீதியையும் சேர்த்துக்கொள்வோம். லாக்ஸ் குடும்பம் எதிர்த்ததும் அந்த வரிசை இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் ஒப்பந்தம் வந்தது. விண்ணப்பித்து அனுமதி வாங்கினால்தான் பார்க்கலாம், அனுமதி கொடுக்கும் குழுவில் அந்தக் குடும்பத்தாரும் உண்டு. அவர்கள் தரவை அழிக்கச் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்றார்கள்.

மிரியட் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்றது. ஆனால் அதுவரை சேர்த்த மாற்றங்களின் விளக்கத்தை அந்த நிறுவனம் பூட்டியே வைத்திருந்தது. அதனால் டாக்டர்களும் நோயாளிகளும் தங்கள் கையிலிருந்த ரிப்போர்ட்டுகளைப் பொதுத் தளங்களுக்கு அனுப்பினார்கள். இன்று உங்கள் அக்கா மாதிரி ஒருவருக்கு ரிப்போர்ட் எழுதும்போது நாங்கள் திறக்கும் கிளின்வார் என்ற பொதுத் தளம் அப்படிப் பலர் கொடுத்ததால் வளர்ந்தது. தரவு ஒரே கையில் பூட்டியிருந்தால்தான் ஆபத்து.

சாதி விஷயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அதே காரணத்தால்தான் நமக்கு நம் தரவு வேண்டும் என்றும் படுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குழுவுக்குள்ளேயே கல்யாணம் செய்ததால், சில அரிய மாற்றங்கள் ஒரு குழுவுக்குள் பெருகிவிடும். 2017-ல் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்த ஆய்வில், 81 குழுக்களில் இந்த விளைவு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடமும் பின்லாந்துக்காரர்களிடமும் இருப்பதைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. அஷ்கெனாசியருக்கு எந்த மூன்று பிஆர்சிஏ மாற்றங்களை முதலில் தேட வேண்டும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நம் குழுக்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருந்தால் 14 பக்க ரிப்போர்ட்டே தேவைப்படாது.

மணல்மேடு

குறுக்கே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், பீடி சிகரெட் எதுவும் தொட்டதில்லை. ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படியென்றால் எனக்கும் தம்பிக்கும் வருமா?

கொன்றை

மணல்மேடு தம்பி, பயப்பட வேண்டாம். இரண்டும் வேறு. தாமிரபரணியின் அக்காவுக்குப் பார்த்தது ரத்தத்தில், பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் இருக்கும் மாற்றம். உங்கள் அப்பாவுக்குப் பார்த்தது கட்டியில். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் வரும் அந்த மாற்றம் அநேகமாக எப்போதும் நுரையீரலில் பிற்பாடு தோன்றியதுதான், பிள்ளைகளுக்கு வராது. அது இருப்பதால்தான் மாத்திரை வேலை செய்கிறது, அந்த வகையில் நல்ல செய்தி. புகைக்காத ஆசியரிடம் இது அதிகம். 2004-ல் இது கண்டுபிடிக்கப்படும் வரை, அதே வகை மருந்து ஏன் சிலருக்கு மட்டும் கேட்கிறது என்று டாக்டர்களுக்கே புரியாமல் இருந்தது.

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து. எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது மைபிஆர்சிஏ ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தேன். மலாய், சீன, இந்தியப் பெண்கள் எல்லோரையும் சேர்க்கிறார்கள். படிவத்தைத் தமிழில் விளக்க ஆள் வைத்திருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தாமிரபரணி, உங்கள் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்எஸ்சி_தஞ்சை

அண்ணன் அக்காக்களுக்கு வணக்கம். எம்.எஸ்சி. உயிர்தொழில்நுட்பம் முதல் வருடம். எங்கள் கல்லூரியில் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்ஸிங் இயந்திரம் இல்லை. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

வரிசைவாசகன்

தம்பி, இயந்திரம் வேண்டாம். லேப்டாப்பும் இணையமும் போதும். 2006-ல் அமெரிக்காவில் தொடங்கிய டி.சி.ஜி.ஏ. திட்டம் 33 வகைக் கேன்சரில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளைப் படித்துவைத்திருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய பகுதிக்கு அனுமதி வேண்டும், மற்றவை பொதுவில் இருக்கின்றன. சிபயோபோர்ட்டல் தளத்தில் போய் டிபி-53 என்ற மரபணுவின் பெயரைத் தட்டிப் பார், எந்தக் கேன்சரில் எவ்வளவு பேருக்கு அது உடைந்திருக்கிறது என்று படமாக வரும். லினக்ஸ் கட்டளைகள், பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழி, அடிப்படைப் புள்ளியியல் கற்றுக்கொள். இந்த மூன்றில் புள்ளியியலை மட்டும் தள்ளிப்போடாதே. நான் தள்ளிப்போட்டு மூன்று வருடம் கஷ்டப்பட்டேன்.

2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுதி என்று வெளியிட்டிருக்கிறது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளிலிருந்து 960 எக்ஸோம்கள், அதாவது புரதம் செய்யும் பகுதிகளின் வாசிப்பு. அமெரிக்கத் தரவோடு எண்ணிக்கையில் ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

தாமிரபரணி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், அக்காவின் கீமோவில் ஓடிவிட்டது.

அம்மாவின் பிளாக் கிடைக்கவில்லை. அந்த மருத்துவமனை கட்டடம் மாறியபோது பழையவற்றை அப்புறப்படுத்திவிட்டார்களாம். மூன்று தடவை போய் நின்றேன். அம்மாவின் கடைசி மிச்சம் அது என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

அப்பா ரத்தம் கொடுத்தார். மாற்றம் அவரிடம் இருக்கிறது.

அவருக்கு 73 வயது. ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு, "அப்ப பெரியவளுக்கு என்னாலதான் வந்துச்சா?" என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொன்றை அக்கா, ஏதாவது எழுதுங்கள்.

கொன்றை

அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள் தங்கச்சி.

ஐயா, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. உங்கள் மனைவிக்கு ஓவரியில் புற்றுநோய் வந்தது. அந்த மாற்றம் அவர் வழியில் வந்திருந்தால்தான் நாங்கள் அதன் மேல் சந்தேகப்பட்டிருப்போம். அது உங்கள் வழியில் வந்திருப்பதால், அவர் நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்டது. அது தீங்கற்றது என்று இதனால் உறுதியாகிவிடாது, ஆனால் அந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறோம். அடுத்த அடிக்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், யாருக்கு என்ன வயது, யாருக்காவது கேன்சர் வந்ததா, எந்த வயதில் வந்தது. இது எங்களுக்கு எந்த இயந்திரமும் தராத தகவல். எழுதிக் கொடுங்கள். பரிசோதனைக் கூடத்துக்கு அதை அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

உப்பளம்

தாமிரபரணி, அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்று சேர்க்கிறேன். விலகும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். அந்த மாற்றத்தின் அர்த்தம் பிற்பாடு தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நானாக இருந்தாலும் டிக் செய்வேன்.

தாமிரபரணி

விலகும் வரி இருந்தது. திருப்பிச் சொல்லும் வரி இல்லை. கேட்டோம், கையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அக்காவே டிக் செய்து கையெழுத்துப் போட்டார். ஓவரி பேச்சைச் சித்தி இப்போது எடுப்பதில்லை. எனக்கு அடுத்த வாரம் மேமோகிராம்.

கொன்றை அக்கா எழுதியதை அப்பாவிடம் இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் பழைய தினசரி காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கம் பெரியப்பா, மூன்று அத்தைகள், எல்லார் பிள்ளைகளும் வயதோடு கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறார். மொத்தம் 31 பேர், இதுவரை யாருக்கும் கேன்சர் இல்லை. சின்ன அத்தையின் பேரனுக்கு மட்டும் வயது தெரியவில்லையாம், சாயங்காலம் போன் போட்டுக் கேட்கப் போகிறார்.